பேப்பர்ல இல்லாத ஒண்ணு

என் வீட்டுக்காரரை நல்லவர்னு சொல்லாத ஆள் அந்தக் கோர்ட்டு வளாகத்துலயே கிடையாது. டீ விக்கிறவர்ல இருந்து வாசல்ல நிக்கிற போலீஸ்காரர் வரைக்கும், "உங்களுக்கென்னம்மா, தங்கமான மனுஷன்"னுதான் சொல்வாங்க. கூட இருந்து பார்த்தாத்தானே தெரியும்! வாயில விரலை வச்சாலும் கடிக்கத் தெரியாத மனுஷனோட இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். நல்லவர்தான், நான் இல்லைங்கலை. அந்த நல்ல மனசு பண்ணி வச்ச வேலையைத்தான் சொல்லப் போறேன்.

வக்கீலம்மா ஒருத்தங்ககிட்ட குமாஸ்தா அவர். ஃபைல் எடுக்கிறது, நகல் போடுறது, வாய்தா தேதி எழுதி வைக்கிறது, இதுதான் வேலைன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா கோர்ட்டுல அவருக்குப் பேர் வாத்தியார். ஒன்பதாங் கிளாஸைத் தாண்டாதவருக்கு வாத்தியார்னு பேரான்னு கேட்டுக் கேட்டுச் சிரிச்சிருக்கேன். "சும்மா கூப்பிடுறாங்க, விடு"ன்னு மழுப்பிடுவார்.

சும்மா ஒண்ணும் கூப்பிடலை. ஒருத்தரைப் பிடிச்சு உள்ளே வச்சுட்டாங்கன்னு வைங்க. சாட்சி எல்லாம் வந்து தீர்ப்பாக மூணு வருஷமோ நாலு வருஷமோ இழுக்கும். தோத்துட்டா பத்து வருஷம். நடுவுல அரசாங்க வக்கீல் வந்து, "செஞ்சேன்னு இப்பவே ஒத்துக்கோ, நாலு வருஷத்தோட முடிச்சுக்கலாம்"பார். செஞ்சவனும் யோசிப்பான், செய்யாதவனும் யோசிப்பான். வெளியே பெண்டாட்டி பிள்ளை காத்துக்கிட்டு இருந்தா இன்னும் சீக்கிரமா யோசிப்பான். இதுக்குப் பேர் பேரம். காய்கறிக் கடைப் பேரத்துக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம், இங்கே சொத்தையா இருந்தா திருப்பிக் குடுக்க முடியாது.

அங்கே இருந்த ஜட்ஜய்யா நேர்மையானவர். தண்டனை கம்மியாகுதேன்னு செய்யாதவன் எவனும் தலையை நீட்டிடக் கூடாதுன்னு அவருக்கு ஒரு கவலை. அதனால ஒத்துக்கிட்ட ஆள்கிட்ட கடைசியா ஒரு கேள்வி கேட்பார். "சரி, இந்தப் பேப்பர்ல இல்லாத ஒண்ணைச் சொல்லு." போலீஸ் எழுதாதது, வக்கீல் சொல்லாதது, அந்த இடத்துல நின்னவனுக்கு மட்டும் தெரிஞ்சது. சொன்னா பேரம் செல்லும். சொல்லலைன்னா, "கேஸை நடத்துங்க"ன்னு ஃபைலை மூடிடுவார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. நடந்தது என்ன தெரியுமா? முதல் மாசமே ஒரு பூட்டு உடைக்கிறவன் மாட்டினான். உடைச்சது அவன்தான், அவனே சிரிச்சுக்கிட்டுச் சொல்வான். ஜட்ஜய்யா கேட்டதும் திருதிருன்னு முழிச்சான். "இருட்டா இருந்துச்சுங்க"ன்னான். "அது பேப்பர்லயே இருக்கு"ன்னுட்டார். எட்டு மாசத்துல வெளியே வர வேண்டியவன் மூணு வருஷம் உள்ளே கிடந்தான். அவன் அம்மா கோர்ட்டுப் படியில உட்கார்ந்து அழுததைப் பார்த்துட்டு வந்து, இவர் அன்னைக்கு முழுக்கச் சோத்துல கை வைக்கலை. என்னமோ இவரே தீர்ப்புச் சொன்ன மாதிரி.

அன்னையில இருந்து பாடம் ஆரம்பமாச்சு. ஜாமீன்ல இருக்கிற ஆள்னா வக்கீலம்மா ஆபீஸ்ல பழைய கட்டுங்க அடுக்கின ரூம்ல ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார். உள்ளே இருக்கிற ஆள்னா கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வர்ற அன்னைக்குக் கைதி ரூம் கம்பிக்கு வெளியே நின்னுக்குவார். "கண்ணை மூடு. கதவு முன்னாடி நிக்கிறே. எந்தக் கையால தள்ளினே? காலுக்குக் கீழே என்ன? உள்ளே என்ன வாசனை?" இப்படிக் கேட்டுக் கேட்டு, பதிலையும் இவரே மெதுவாச் சொல்லிக் குடுப்பார். முதல்ல இல்லாத பொல்லாததை எல்லாம் கற்பனை பண்ணிச் சொல்லிக் குடுத்தாராம். கூண்டுல ஏறினதும் மறந்துபோய் உளறியிருக்காங்க. சொல்றவர் கண்ணுலயே நிக்காதது கேட்கிறவன் மனசுல எப்படி நிக்கும்? அப்புறம்தான் தனக்கு நல்லாத் தெரிஞ்ச இடம் ஒண்ணை எடுத்துக்கிட்டு, அதுல ஒவ்வொரு அடியாக் கூட்டிட்டுப் போயிருக்கார். அது நின்னுச்சு. ஜட்ஜய்யாகிட்டச் சொல்ல மட்டும் ஆளுக்கு ஒரு பொருளாப் பிரிச்சுக் குடுத்துடுவார். எந்த இடம்னு கேக்குறீங்களா? எங்க வீடு.

எங்க வீடு மாடியில ரெண்டு ரூம். நான் வீட்டுலயே தையல் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம், தலகாணி உறை, எது வந்தாலும் தைப்பேன். மெஷின் நடையைப் பாதி அடைச்சுக்கிட்டு நிக்கும், ஒருக்களிச்சுத்தான் சமையல்கட்டுக்குப் போகணும். சமையல்கட்டு ஸ்விட்ச்சுல கை வச்சா ஷாக் அடிக்கும், மரக்கரண்டியால தட்டித்தான் போடணும். ஜன்னல்ல ஒரு கண்ணாடி உடைஞ்சு ஆறு வருஷமாச்சு. மாத்துறேன் மாத்துறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தவர், ஒருநாள் என் மாமியாரோட பழைய நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்து அந்த ஓட்டையில ஒட்டிட்டார். மாமியார் போய்ச் சேர்ந்துட்டாங்க. ஆனா மத்தியானம் மூணு மணிக்கு வெயில் அந்தப் பக்கம் திரும்பினா அவங்க விலா எலும்பு என் அடுப்பு மேல விழும். இருந்தப்பவும் நான் சமைக்கிறதை அப்படித்தான் நின்னு பார்ப்பாங்க.

அந்த நாள்ல இவர் அடிக்கடி சமையல்கட்டு வாசல்ல வந்து ஒண்ணும் பேசாம நிப்பார். சுவரைப் பார்ப்பார், அலமாரியைப் பார்ப்பார், என் முதுகைப் பார்ப்பார். ஒரு தடவை சர்க்கரை டப்பா மூடியை மூணு தரம் திறந்து மூடி, அது போடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நின்னார். "என்னங்க, விலைக்கு வாங்கப் போறீங்களா?"ன்னு கேட்டேன். சரி, மனுஷனுக்கு இப்பவாவது புத்தி வந்து கண்ணாடி மாத்தப் போறார்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு. வெக்கக்கேடு!

இப்போ கேன்காரர் கதைக்கு வரேன். வீடு வீடாத் தண்ணி கேன் போடுறவர், முப்பது முப்பத்தஞ்சு வயசு. அவர் கேன் போடுற வீட்டுல ஒரு ரிட்டயர் ஆன டீச்சரம்மா தனியா இருந்தாங்க. புருஷன் இறந்து இருபது வருஷம். ஒருநாள் பட்டப்பகல்ல யாரோ சமையல்கட்டு வரைக்கும் போய், பின்மண்டையில ஒரு அடி அடிச்சு, சங்கிலியை அறுத்துட்டுப் போயிட்டான். டீச்சரம்மா பிழைச்சாங்க. ஆனா பேச்சு போயிடுச்சு, ஆளும் அடையாளம் தெரியலை. கேன்லயும் கதவுலயும் கேன்காரர் கைரேகை. வாரம் ரெண்டு தடவை கேனைத் தூக்கிட்டுப் போய் வைக்கிறவர் கைரேகை இல்லாம என் கைரேகையா இருக்கும்? போலீஸுக்கு அது போதுமே.

"நான் செய்யலை சார், நான் செய்யலை சார்"னு அந்த மனுஷன் ரெண்டு மாசம் கத்தினாராம். அப்போ அவர் பெண்டாட்டிக்கு நிறைமாசம். தோத்தா பத்து வருஷம், ஒத்துக்கிட்டா நாலு. வக்கீலம்மா ரெண்டையும் எடுத்துச் சொல்லிட்டுப் போயிட்டாங்க. பிறக்கப் போற குழந்தைக்கு விவரம் தெரியுறதுக்குள்ள வெளியே வந்துடலாம்னு கணக்குப் போட்டு அவர் தலையாட்டினார். இவர் கம்பிக்கு வெளியே நின்னு நாலு நாள் பாடம் எடுத்தார்.

கூண்டுல கேன்காரர் சொன்னது இது. "ஜன்னல்ல கண்ணாடிக்குப் பதிலா எக்ஸ்ரே ஒட்டியிருந்துச்சுங்கய்யா. வெயில் அது வழியா வந்து எலும்பு எலும்பா அடுப்பு மேல விழுந்துச்சு. அந்தம்மா முதுகுலயும் விழுந்துச்சு." ஜட்ஜய்யா எழுதுற பேனாவை நிறுத்திட்டு ரொம்ப நேரம் அவரையே பார்த்தாராம். இதை யாரும் உட்கார்ந்து ஜோடிக்க முடியாதுன்னு தீர்ப்புலயே எழுதினார். நாலு வருஷம். போய் அந்த ஜன்னலைப் பார்க்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை. ஆறே மாசத்துல டீச்சரம்மாவோட மக அந்த வீட்டை வித்துட்டா, வாங்கினவங்க இடிச்சுத் தரைமட்டம் பண்ணிட்டாங்க.

ஒன்றரை வருஷம் கழிச்சு வேற ஊர்ல ஒருத்தன் மாட்டினான். தனியா இருக்கிற பொம்பளைங்களாப் பார்த்துப் பின்னாடி இருந்து அடிக்கிறவன். அவனும் பேரம் பேசினான், இத்தனை கேஸை ஒத்துக்கிறேன்னு பட்டியல் குடுத்தான். அதுல டீச்சரம்மா வீடும் இருந்துச்சு. "அது முடிஞ்சுபோன கேஸ், வேண்டாம்"னு அதை மட்டும் அடிச்சுட்டாங்களாம். எப்படியோ இது வக்கீலம்மா காதுக்கு வந்து, அவங்க தலையால தண்ணி குடிச்சு, கேன்காரருக்குப் பத்து நாள் ஜாமீன் வாங்கினாங்க. பத்தாவது நாள் அவர் அதே ஜட்ஜய்யா முன்னாடி நின்னு, "நான் செய்யலை, அன்னைக்குச் சொன்னது பொய்"னு தன் வாயால சொல்லணும். அவ்வளவுதான். சொல்லிட்டா வீட்டுக்குப் போகலாம்.

ரெண்டாவது நாள் காலையில அவர் பெண்டாட்டி இடுப்புல குழந்தையோட எங்க வீட்டுக்கு வந்து நின்னுச்சு. இவர் சட்டை மாட்டிக்கிட்டு இருந்தார்.

"அண்ணே, அவர் சொல்ல மாட்டேங்குறார்"னுச்சு.

"என்னம்மா சொல்ல மாட்டேங்குறார்?"

"செய்யலைன்னு சொல்ல மாட்டேங்குறார். செஞ்சேன், அந்தம்மாவை அடிச்சேன், எனக்கு ஞாபகம் இருக்குன்னு சொல்றார். எலும்பு நிழலு, கரண்டி, ஸ்விட்ச்சு, எல்லாம் சொல்லி அழுறார். வேற ஒருத்தன் மாட்டிட்டான்னு சொன்னாலும், பாவம் அவன் எனக்காகப் பொய் சொல்றான்ங்கிறார். ஜெயில்ல மாசா மாசம் வகுப்பாம். செஞ்சதை எல்லார் முன்னாடியும் நின்னு சொல்லணுமாம், அழுதாத்தான் திருந்தினதா எழுதுவாங்களாம். பதினெட்டு தடவை சொல்லியிருக்கார் அண்ணே. நீங்கதானே ஏத்தி விட்டீங்க? நீங்களே இறக்கி விடுங்க."

நான் ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தேன். எலும்பு நிழலுன்னு கேட்டதும் கை அப்படியே நின்னுபோச்சு. மெதுவாத் திரும்பி எங்க ஜன்னலைப் பார்த்தேன். அப்புறம் இவரைப் பார்த்தேன். பேயறைஞ்ச மாதிரி நின்னார். எனக்குக் கேட்க வேண்டியது ஒண்ணும் இல்லை, அந்த மூஞ்சியே போதும்.

அந்தப் பொண்ணு போனதும் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். "உங்க அம்மா எக்ஸ்ரேயை வச்சா ஒருத்தனை உள்ளே தள்ளினீங்க? எத்தனை பேர் இப்படி? என் அடுப்படியில எத்தனை பேர் வந்து போயிருக்காங்க?" தரையைப் பார்த்துக்கிட்டு, "முப்பத்தொண்ணு"ன்னார். முப்பத்தொரு பேர்! நான் காபி போட்டுக்கிட்டு, பாத்திரம் கழுவிக்கிட்டு, பாட்டை முணுமுணுத்துக்கிட்டு நிக்கிற இடத்துல முப்பத்தொரு பேர் திருடியிருக்காங்க, உடைச்சிருக்காங்க, அடிச்சிருக்காங்க. "எல்லாருக்கும் தண்டனை குறைஞ்சுச்சும்மா"ன்னார் மெதுவா. மெஷின்ல இருந்த கத்தரிக்கோலைத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன். கோபத்தோட பயமும் கலந்து வந்தா எனக்கு அப்படித்தான்.

இவருக்கு ஒரு யோசனை வந்துச்சு. கேன்காரரை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து காட்டிடலாம். எக்ஸ்ரே இங்கே இருக்கு, ஸ்விட்ச்சு இங்கே இருக்கு, இது டீச்சரம்மா வீடே இல்லைன்னு கண்ணால பார்த்துட்டா மனசு தெளிஞ்சுடும். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. பொய் சொல்ல மாட்டேன், நானும் சேர்ந்துதான் கூப்பிட்டேன்.

நாலாவது நாள் மத்தியானம் மூணு மணிக்கு வந்தார். ஒல்லியா, தலை பாதி நரைச்சு, கேன் தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கின மனுஷன். என் வீட்டுக்காரர் பின்னாடி நின்னுக்கிட்டு, "உள்ளே போப்பா, நீயே பாரு"ன்னார். நான் சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்தார். மெஷின்கிட்ட வந்ததும், பார்க்காமலே ஒருக்களிச்சு நடந்தார். புதுசா வர்றவங்க எல்லாரும் அதுல இடிச்சுக்குவாங்க. கேன்காரர் இடிக்கலை. என்னைத் தாண்டி உள்ளே போய், கொக்கியில தொங்கின மரக்கரண்டியை எடுத்து ஸ்விட்ச்சைத் தட்டினார். லைட் எரிஞ்சுது. கரண்டியைத் திரும்ப அதே கொக்கியில மாட்டினார்.

அப்புறம் அடுப்பைப் பார்த்தார். எலும்பு நிழல் விழுந்து கிடந்துச்சு. அதுல ஒரு விரலை வச்சு ஒவ்வொண்ணாத் தடவினார்.

"பார்த்தியா? இது என் வீடு. நான்தான் இதை உனக்குச் சொல்லிக் குடுத்தேன். நீ இங்கே வந்ததே இல்லை"ன்னு இவர் வாசல்ல இருந்து சொன்னார்.

கேன்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். முகத்தைப் பார்க்கலை, தலையைப் பார்த்தார். "அம்மா, தலைவலி போயிடுச்சாம்மா?"ன்னு கேட்டார்.

"எனக்கு ஒரு தலைவலியும் இல்லைப்பா. நீ என்னை ஒண்ணும் பண்ணலை"ன்னேன்.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க"ன்னு சொல்லிட்டுத் தரையில உட்கார்ந்துட்டார். உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். "நான் வந்தப்போ நீங்க திரும்பவே இல்லைம்மா. அலமாரிகிட்ட குனிஞ்சுக்கிட்டே 'வந்துட்டீங்களா'ன்னு கேட்டீங்க. உங்க வீட்டுக்காரர்னு நினைச்சுட்டீங்க. அதைக் கேட்டும் நான் கை ஓங்கிட்டேனே!"

நான் அப்படித்தான் கேட்பேன். இருபத்தெட்டு வருஷமா, காலடிச் சத்தம் கேட்டா திரும்பாமலே அப்படித்தான் கேட்பேன். அன்னைக்கு அவர் வந்தப்போ நான் அதைக் கேட்கலை, வாசல்ல நின்னு வரவேற்கத்தானே செஞ்சேன்? இவரைத் திரும்பிப் பார்த்தேன். "இதையும் சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்லை. சத்தியமா இல்லை"ன்னார். அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. "இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

கேன்காரர் போன பிறகு என்னால அலமாரிகிட்ட குனிய முடியலை. குனிஞ்சா பின்மண்டையில கைப்பிடி அளவுக்கு ஒரு இடம் சில்லுனு ஆகும். தடவிப் பார்ப்பேன், ஒண்ணும் இருக்காது. சர்க்கரை டப்பாவை எடுத்து மேல் தட்டுல வச்சுட்டேன். எக்ஸ்ரேயைக் கிழிச்சு எறியப் போனேன், இவர் கையைப் பிடிச்சுட்டார். அது சாட்சியாம், கோர்ட்டுல வேணுமாம். சாட்சி! அதைக் கேட்டதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பத்தாவது நாள் நானும் கோர்ட்டுக்குப் போனேன். கேன்காரர் பெண்டாட்டி என் பக்கத்துல உட்கார்ந்துச்சு, குழந்தை மடியில தூங்குச்சு. அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்ச பிடியில வளையல் அழுந்திச்சு.

ஜட்ஜய்யா பொறுமையாத்தான் கேட்டார். "வேற ஒருத்தன் மாட்டியிருக்கான்னு தெரியும். நீ செய்யலைன்னு உன் வாயால சொல்லு, மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

கேன்காரர் கூண்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "செஞ்சேங்கய்யா"ன்னார்.

வக்கீலம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. அப்போ என் வீட்டுக்காரர் எழுந்தார். வக்கீலம்மா அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்தும் கேட்கலை. கூண்டுல ஏறி நின்னு, எல்லாத்தையும் சொல்லிட்டார். நான்தான் பாடம் எடுத்தேன், அந்த ஜன்னல் என் வீட்டு ஜன்னல், அந்த எலும்பு என் அம்மா எலும்பு, இந்த மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. இருபத்தாறு வருஷ வேலை போச்சு, ஜெயிலுக்கும் போகலாம். தெரிஞ்சே சொன்னார். அன்னைக்கு ஒருநாள் அவரை நான் நல்லவர்னு மனசாரச் சொன்னேன்.

அவர் சொல்லி முடிக்கலை, கேன்காரர் குறுக்கே கத்தினார். "ஐயா, அவர் பொய் சொல்றார்யா! என்னைக் காப்பாத்தப் பார்க்கிறார். ரொம்ப நல்லவர்யா, அவர் சொல்றதை எடுத்துக்காதீங்க!"

என்னால தாங்க முடியலை. எழுந்து நின்னு, "ஐயா, என்னைப் பாருங்க! அவர் அடிச்சதாச் சொல்ற பொம்பளை நான்தான். எனக்கு ஒண்ணும் ஆகலை, குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன்!"ன்னு கத்தினேன். போலீஸ்காரம்மா உட்காருங்கன்னு அதட்டினாங்க. ஜட்ஜய்யா கையைக் காட்டி அவங்களை நிறுத்தினார்.

"உங்க வீட்டு ஜன்னல்ல எக்ஸ்ரே இருக்கா?"

"இருக்குங்கய்யா."

"இவர் உங்க வீட்டுக்கு வந்திருக்காரா?"

"வந்திருக்கார்."

"எப்போ?"

"போன வாரம்"னேன். சொல்லும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அரசாங்க வக்கீல் லேசாச் சிரிச்சார். தீர்ப்பைப் படிச்சுட்டு யார் வேணும்னாலும் ஜன்னல்ல எக்ஸ்ரே ஒட்டலாம், போன வாரம் ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டலாம். வராமலே இருந்திருந்தா, போகாத வீட்டை இவ்வளவு சரியாச் சொல்றாரேன்னு அதுவே சாட்சியா நின்னிருக்கும். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நல்லது பண்றோம்னு அதையும் கெடுத்து வச்சிருக்கோம்.

ஜட்ஜய்யா கேன்காரர் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு எழுதினதுல இல்லாத ஒண்ணு இப்போ சொல்ல முடியுமா?"

"அந்தம்மா திரும்பாமலே 'வந்துட்டீங்களா'ன்னு கேட்டாங்கய்யா. வீட்டுக்காரர்னு நினைச்சுட்டாங்க."

வக்கீலம்மா துள்ளி எழுந்தாங்க. "ஐயா, டீச்சரம்மாவுக்குப் புருஷனே கிடையாது! இறந்து இருபது வருஷம்!"

ஜட்ஜய்யா மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "இருபது வருஷம் ஆனாலும் வாய்ப் பழக்கம் போகுமா?"ன்னு யார்கிட்டயும் இல்லாம மெதுவாச் சொன்னார். அவருக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு. இதைப் பொய்னு நினைக்க அவருக்கு மனசு வரலை. ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதான்னு எழுதினார். கேன்காரரை மத்தியானமே வண்டியில ஏத்திட்டாங்க. ஏறும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார். குழந்தை முழிச்சுக்கிட்டு, பத்து நாள் பார்த்தும் பழகாத அந்த முகத்தைக் காட்டி, "யாரு?"ன்னு கேட்டுச்சு.

என் வீட்டுக்காரர் மேல கேஸ் போட்டாங்க, மத்த முப்பது பேருக்குப் பொய் சாட்சி சொல்லிக் குடுத்ததுக்கு. அவர்கிட்டயும் பேரம் பேசினாங்க. ஒத்துக்கிட்டா மூணு மாசம். செஞ்சது உண்மைதானே, ஒத்துக்கிறேன்னார். ஆனா அந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம, இப்பவும் நாள் பூராச் சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருக்கார். முப்பத்தொரு பேருக்கும் பாடம் எடுத்ததுல பேப்பர்ல இல்லாத ஒண்ணு அவருக்கு ஞாபகம் வரலையாம். யார் முகமும் ஞாபகம் இல்லையாம், எங்க வீடுதான் ஞாபகம் வருதாம். நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை. வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

போன மாசம் கேன்காரர் பெண்டாட்டி திரும்ப வந்துச்சு. அவர் பதினோரு நாளா ஒண்ணும் சாப்பிடலையாம். ஜெயில் ஆஸ்பத்திரியில போட்டிருக்காங்களாம், குழாய் வழியா ஏத்துறதையும் பிடுங்கிப் போடுறாராம். "அந்தம்மா மன்னிச்சேன்னு சொன்னாத்தான் தொண்டையில இறங்கும்னு சொல்றார் அக்கா. டீச்சரம்மாவால பேச முடியாது. அவர் கேட்கிறதும் அவங்களை இல்லை, உங்களைத்தான். வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க அக்கா."

"என்ன பேச்சுப் பேசுறே? நான் மன்னிச்சேன்னா அவர் செஞ்சார்னு ஆயிடுமே! எதுக்கு இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினேன்?"

"செஞ்சவராவே இருக்கட்டும் அக்கா. உயிரோட இருந்தாப் போதும்"னுச்சு அந்தப் பொண்ணு.

போனேன். வார்டுல ஆறு கட்டில், அவர் கடைசிக் கட்டில்ல கிடந்தார். கன்னம் ஒட்டி, கண்ணு மட்டும் பெருசா இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். வார்டர் கையில கஞ்சிக் கிண்ணத்தோட பக்கத்துல நின்னார். வழி முழுக்க வேற என்னென்னமோ பேசணும்னு ஒத்திகை பார்த்துக்கிட்டுப் போனேன். அந்தக் கையைப் பிடிச்சேன், கையா அது, வெறும் குச்சி.

"மன்னிச்சுட்டேன்பா. எழுந்து சாப்பிடு"ன்னேன்.

அவர் முகம் தெளிஞ்சுது. அப்புறம் வார்டர் காதுல விழாம, கிட்ட வரச் சொல்லிக் கேட்டார்.

"ரெண்டாவது அடிக்கும் சேர்த்தாம்மா?"

போலீஸ் பேப்பர்ல ஒரே ஒரு அடிதான். கோர்ட்டுல அவர் சொன்னதும் ஒண்ணுதான். என் வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்ததும் ஒண்ணுதான். என் பின்மண்டை சில்லுனு ஆச்சு. வார்டர் கிண்ணத்தை நீட்டிக்கிட்டு நின்னார், அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு என் வாயையே பார்த்துச்சு.

"ஆமாப்பா, அதுக்கும் சேர்த்துத்தான்"னேன்.

அவர் கிண்ணத்தை ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிக்க ஆரம்பிச்சார்.